மாஸ்டர் கார்டனரா, ஜாடி வகுப்பா, 4-ஹெச்சா: கவுண்டி ஆபீஸில் எதில் சேர்வது?

போன வாரம் ஒரு போன். அட்லாண்டாவிலிருந்து மூன்று மணி நேரம் தெற்கே, வேர்க்கடலையும் பருத்தியும் பீக்கன் மரங்களும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத ஒரு கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) புதிதாகக் குடிவந்திருக்கும் பெண். கணவர் டாக்டர், ஜே-1 விசாவில் பயிற்சிக்கு வந்தவர்கள் ஊர் திரும்பாமல் இங்கேயே இருக்கக் கிடைக்கும் விலக்குக்காக மூன்று வருடம் இந்த மாதிரி ஊரில் வேலை பார்த்தே ஆக வேண்டும். இவளுக்கு கணவரை அண்டிய ஹெச்-4 விசா, வேலைக்குப் போக முடியாது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பையன், வீட்டுக்குப் பின்னால் முக்கால் ஏக்கர் சும்மா கிடக்கிறது. "அக்கா, இங்க எக்ஸ்டென்ஷன் ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு. உள்ள போனா சுவர் முழுக்க நோட்டீஸ். எல்லாமே இலவசம் இல்லன்னா அஞ்சு பத்து டாலர். எதுல சேர்றது?"

நானும் ஜார்ஜியாவின் இந்தப் பக்கம்தான், ஆறு வருடமாக. அவளிடம் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன், ஏனென்றால் இதே நிலைமையில் வந்து சேரும் தமிழ்க் குடும்பங்கள் வருடா வருடம் இருக்கின்றன, எல்லாரும் முதலில் போய் விழுவது மாஸ்டர் கார்டனர் நோட்டீஸில்தான். பேர் அப்படி. கேட்டவுடனே சேரத் தோன்றும். என்னைக் கேட்டால் புதிதாக வந்தவர்கள் கடைசியாகச் சேர வேண்டியது அதில்தான்.

அதற்கு முன் இந்த ஆபீஸ் என்னவென்று இரண்டு வரி. நம் ஊர் வட்டார வேளாண்மை அலுவலகம் மாதிரி சிட்டா அடங்கலைக் கையில் வைத்துக்கொண்டு மானிய விதைக்கு நிற்கும் இடம் இல்லை இது. இங்கே மானியம், கடன் எல்லாம் வேறு ஆபீஸ். இது பல்கலைக்கழகத்தின் கிளை. 1914ல் வந்த ஸ்மித்-லீவர் சட்டத்தால் பிறந்தது, அந்த ஸ்மித் இதே ஜார்ஜியாவின் செனட்டர் ஹோக் ஸ்மித், லீவர் பக்கத்து தெற்கு கரோலினாக்காரர். பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிப்பதை வயலுக்கும் அடுப்படிக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை, செலவை மத்திய அரசும் மாநிலமும் கவுண்டியும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால்தான் கட்டணம் பெயருக்கு இருக்கிறது. ஜார்ஜியாவில் 159 கவுண்டிகள், அநேகமாக எல்லாவற்றிலும் யூனிவர்சிட்டி ஆஃப் ஜார்ஜியாவின் ஒரு ஆபீஸ் உண்டு.

ஆனால் சின்னக் கவுண்டியில் அந்த ஆபீஸ் என்பது மொத்தம் மூன்று நாலு பேர். பயிருக்கு ஒரு ஏஜென்ட் (ஆலோசனை சொல்லும் அலுவலர்), பிள்ளைகளுக்கான 4-ஹெச் திட்டத்துக்கு ஒருவர், முன்னறையில் போன் எடுக்கும் அம்மா ஒருவர். உண்மையில் ஆபீஸை நடத்துவது அந்த அம்மாதான், அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். சமையல், சத்துணவு, குடும்பம் பார்க்கும் ஏஜென்ட் எல்லாக் கவுண்டியிலும் இருப்பதில்லை, பக்கத்துக் கவுண்டியோடு பங்கு. அதனால் சுவரில் பத்து நோட்டீஸ் இருந்தாலும் உங்கள் ஊரில் உயிரோடு இருப்பது மூன்று நாலுதான். வேர்க்கடலைக் கவுண்டி என்றால் ஏப்ரல் கடைசியில் விதைப்பு தொடங்கியதிலிருந்து அக்டோபரில் கடலை பிடுங்கி முடியும் வரை பயிர் ஏஜென்ட் வயலில்தான் இருப்பார், உங்கள் தக்காளிக்கு வரமாட்டார். எந்த வகுப்பு நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எந்த ஏஜென்ட் எதில் ஆர்வமானவர் என்று அந்த முன்னறை அம்மாவிடம் கேளுங்கள். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

சரி, மாஸ்டர் கார்டனர்.

1970களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் ஆரம்பித்த திட்டம் இது. காரணம் எளிது: நகரத்து மக்கள் "என் ரோஜா ஏன் வாடுது" என்று போன் மேல் போன் போட்டு விவசாயிக்கு நேரமில்லாமல் பண்ணிவிட்டார்கள். சரி, ஆர்வமுள்ள ஜனங்களுக்கு நாமே பயிற்சி கொடுப்போம், அதற்குப் பதிலாக அவர்கள் சம்பளம் இல்லாமல் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும் என்று போட்ட ஏற்பாடு. இப்போதும் அதேதான். ஜார்ஜியாவில் சில மாதம் வகுப்பு, பரீட்சை, குற்றப் பின்னணிச் சோதனை, அப்புறம் முதல் வருடம் 50 மணி நேரம் தொண்டு வேலை. அடுத்தடுத்த வருடங்களில் மணி நேரம் குறையும், நிற்காது.

இதைத் தோட்ட வகுப்பு என்று நினைத்துச் சேர்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். இது ஆபீஸுக்கு ஆள் சேர்க்கும் திட்டம். தப்பாகச் சொல்லவில்லை, ரொம்ப நல்ல ஆட்கள், எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் இரண்டு சிநேகிதிகள் அங்கே கிடைத்தவர்கள்தான், இருவருக்குமே எழுபது வயது தாண்டியிருந்தது. ஆனால் வகுப்பில் என்ன இருக்கும் என்று தெரிந்து போங்கள். மண், பூச்சி, நோய், மரம் கத்தரித்தல், அப்புறம் புல்தரை. புல்தரை என்றால் ஏதோ ஒரு மணி நேரம் இல்லை. பெர்முடா புல், சென்டிபீட் புல், செயின்ட் அகஸ்டின் புல், எதை எந்த உயரத்தில் வெட்டுவது, எந்த மாதம் களைக்கொல்லி. நான் போன காரணம் கறிவேப்பிலை. எட்டு வாரம் புல்லைப் பற்றியும் அஸேலியாவைப் பற்றியும் கேட்டுவிட்டு ஒருநாள் இடைவேளையில் கறிவேப்பிலையைக் கேட்டேன், அன்றைக்கு அங்கே கிடைத்த பதில்தான் அந்த வருடத்தில் நான் கற்றுக்கொண்ட மிக உருப்படியான விஷயம்.

புளோரிடாவில் இருக்கும் அண்ணி வீட்டிலிருந்து ஒரு கன்று காரில் எடுத்து வரலாம் என்று இருந்தேன். கூடாதாம். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். சிட்ரஸ் சில்லிட் என்கிற பொடிப்பூச்சிக்கு அது ரொம்பப் பிடிக்கும், அந்தப் பூச்சிதான் ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பச்சையாகும் நோயைக் கடத்துவது. 2005ல் அந்த நோய் புளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டு அங்கே ஆரஞ்சுத் தொழிலே சரிந்துவிட்டது. இப்போது தெற்கு ஜார்ஜியாவில் சட்சூமா ஆரஞ்சு போட்டிருக்கும் விவசாயிகள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அதனால்தான் தனிமைப்படுத்தல் விதி, ஆரஞ்சுக் கன்றோடு கறிவேப்பிலையும் அதில் சேர்த்தி. நாம் எல்லாரும் ஏதோ ஒரு அத்தை வீட்டுக் கன்றைப் பையில் மறைத்து எடுத்து வருகிறோம், இல்லையா? நான் இனி செய்யமாட்டேன்.

இதைக் கேட்க எட்டு வாரம் வகுப்பு தேவையில்லை, ஒரு போன் போதும். இதுதான் என் வாதம். ஆபீஸின் மூளை எல்லாருக்கும் இலவசம், மாஸ்டர் கார்டனர் வகுப்பு என்பது அந்த மூளைக்குக் கை கால் ஆகிறவர்களுக்கு.

இன்னொரு உதாரணம். இரண்டாவது வருடம் என் வெண்டைக்காய் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது, மதியத்தில் துவளும், காலையில் நிமிரும். தண்ணீர் போதவில்லை என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு செடியை வேரோடு பிடுங்கி மளிகைப் பையில் போட்டு ஆபீஸ் கவுண்டரில் வைத்தேன். பயிர் ஏஜென்ட் அப்போதுதான் வயலிலிருந்து வந்திருந்தார், பூட்ஸில் மண். பையைத் திறந்து வேரை விரலால் நீவினார். வேர் முழுக்க மணி கோர்த்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தது. வேர்முடிச்சு நூற்புழு. இந்தப் பக்கத்து மணல் மண்ணில் அது இல்லாத தோட்டம் அபூர்வம், வெண்டை அதற்குப் பாயசம். அடுத்த வருடம் அந்த இடத்தில் வெண்டை போடாதே, தக்காளி வாங்கினால் பெயருக்குப் பக்கத்தில் 'என்' என்கிற ஆங்கில எழுத்து இருக்கிறதா பார், அது நூற்புழுவைத் தாங்கும் ரகம் என்றார். மொத்தம் ஆறு நிமிடம். செலவு சுழியம்.

சரி, யாருக்கு மாஸ்டர் கார்டனர்? பகலில் நேரம் இருக்கிறது, ஊரில் ஆளே தெரியவில்லை, பேச்சுத்துணை வேண்டும், கேட்பவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லப் பிடிக்கும் என்றால் தயங்காமல் சேருங்கள். மூன்று வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு பகல் வகுப்புக்குப் போக முடியாது, சில இடங்களில் பாதி ஆன்லைனில் நடத்துகிறார்கள், விசாரிக்கலாம். ஹெச்-4 காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்று: தொண்டு வேலை செய்யலாமா? எல்லாருமே சம்பளம் இல்லாமல் செய்யும் வேலை என்பதால் பொதுவாகச் சிக்கல் வருவதில்லை, ஆனாலும் உங்கள் விசாவைப் பார்க்கும் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொண்டு நர்சரி நடத்திச் சம்பாதிக்கலாம் என்று நினைத்தால் அது நடக்காது, பட்டம் தொண்டு வேலைக்கு மட்டும்தான்.

அடுத்தது ஜாடி வகுப்பு. நோட்டீஸில் 'ஹோம் ஃபுட் பிரிசர்வேஷன்' என்று இருக்கும். காய்கறியைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து வருடக்கணக்கில் அலமாரியில் வைப்பது. ஒரே ஒரு வகுப்புதான் போக முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இரண்டு காரணம். ஒன்று, இந்த விஷயத்தில் நாட்டுக்கே தலைமையிடம் ஜார்ஜியாதான், வீட்டு உணவுப் பதப்படுத்தலுக்கான தேசிய மையம் 2000லிருந்து யூனிவர்சிட்டி ஆஃப் ஜார்ஜியாவில்தான் இருக்கிறது. இரண்டு, நமக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு நாம் போகிற ஒரே வகுப்பு இது, அதனாலேயே போக வேண்டும்.

நான் போனது அப்படித்தான். குக்கரோடு பிறந்தவர்கள் நாம், நமக்கா பிரஷர் சொல்லித் தருவார்கள்? வகுப்பில் பத்து பேர், சர்ச் சமையலறை ஒன்றில், ஜூன் மாதம், ஏசி இருந்தும் வியர்வை. பீன்ஸை ஒடித்து ஜாடியில் நிரப்பினோம். மேலே ஒரு அங்குலம் இடம் விடு என்று ஏஜென்ட் ஒரு சின்ன பிளாஸ்டிக் அளவுகோலை வைத்து ஒவ்வொரு ஜாடியாகப் பார்த்தார், எனக்கு அரை அங்குலம்தான் இருந்தது, எடுக்கச் சொன்னார். விளிம்பைத் துடை, மூடியை வை, வளையத்தை விரல் நுனி இறுக்கத்துக்கு மேல் திருகாதே. கேனர் என்கிற பெரிய பிரஷர் பாத்திரத்தில் அடுக்கி, மூடி, வெயிட் போடாமல் பத்து நிமிடம் ஆவியை வெளியே விடு. அப்புறம்தான் வெயிட். பைண்ட் ஜாடி (ஏறக்குறைய அரை லிட்டர்) பீன்ஸுக்கு இருபது நிமிடம், குவார்ட் ஜாடிக்கு (அதன் இரு மடங்கு) இருபத்தைந்து. இந்தத் தாழ்ந்த பக்கத்தில் வெயிட் வைத்த கேனருக்கு பத்து பவுண்ட் அழுத்தம், முள் காட்டும் கேனர் என்றால் பதினொன்று. வடக்கே மலைப் பக்கம் ஆயிரம் அடிக்கு மேல் இருப்பவர்கள் வெயிட்டை பதினைந்துக்கு மாற்ற வேண்டும்.

அடுப்பை அணைத்ததும் நான் என்ன செய்தேன் என்றால், பழக்க தோஷம், கேனரைத் தூக்கி ஸிங்க் குழாயடியில் காட்டப் போனேன். சாதம் அவசரமாக வேண்டும் என்றால் அம்மா செய்வது அதுதானே. ஏஜென்ட் "நோ, நோ, ஹனி!" என்று பாய்ந்து வந்தார். கேனர் தானாக ஆறும் அந்த நேரமும் கணக்கில் சேர்த்தியாம். குழாயடியில் காட்டினால் ஜாடிக்குள்ளிருந்து தண்ணீர் உறிஞ்சி வெளியே வரும், மூடி ஒட்டாது, உள்ளே நடுவில் இருக்கும் பீன்ஸுக்குப் போக வேண்டிய சூடு போய்ச் சேர்ந்திருக்காது. நம் வீட்டுக் குக்கரில் ஜாடி அடைக்கக்கூடாது என்பதற்கும் இதே காரணம். குக்கர் சின்னது, சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறிவிடும், அட்டவணையில் இருக்கும் இருபது நிமிடம் அந்த நிதானமான ஏற்ற இறக்கத்தோடு சேர்த்து வைத்த கணக்கு. குறைந்தது நாலு குவார்ட் ஜாடி நிற்கிற பாத்திரம்தான் கேனர். மூணு விசில் கணக்கு இங்கே செல்லாது.

ஏன் இவ்வளவு கறார் என்றால் பொட்டுலிசம், உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சு. புளிப்பு இல்லாத, காற்று இல்லாத, ஈரமான இடத்தில் சாதா அறை வெப்பத்தில் அதை உண்டாக்கும் கிருமி வளர்ந்து விஷம் சுரக்கும், மணமும் நிறமும் காட்டிக்கொடுக்காது. அதன் வித்துகள் கொதிநீரில் சாகாது, 240 டிகிரி பாரன்ஹீட் வேண்டும், அதற்குத்தான் அழுத்தம். புளிப்பைக் காட்டும் பிஹெச் அளவு 4.6க்குக் கீழே, அதாவது புளிப்பு போதுமான அளவு, இருந்தால் அது வளர முடியாது, அதனால் பழமும் ஜாமும் வெறும் கொதிநீரில் போதும். தக்காளி எல்லையில் நிற்கும் ஆசாமி, அதனால் குவார்ட் ஜாடிக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் பாட்டில் எலுமிச்சைச் சாறு. பாட்டில்தான், பிழிந்தது இல்லை. பிழிந்த சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இவர்கள் சோதித்த செய்முறை தவிர வேறெதையும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஆவக்காயைப் பற்றிக் கேட்டேன், சோதித்த செய்முறை இல்லை, ஃபிரிட்ஜில் வை என்றார். சாம்பாரை ஜாடியில் அடைக்கலாமா? இல்லை, ஃபிரீசர். பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்கிறோமே என்றதும் முகமே மாறிவிட்டது. நம் ஊறுகாயில் உப்பும் புளியும் காரமும் இருக்கிறது, நூறு வருடமாகச் சாப்பிடுகிறோம் என்று வாதாடிப் பார்த்தேன், எவ்வளவு உப்பு, எவ்வளவு புளிப்பு என்று அளந்திருக்கிறாயா என்றார். அளக்கவில்லை. அம்மாவும் அளந்ததில்லை. மாங்காய் ஊறுகாய் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, ஆனால் வெறும் பூண்டு எண்ணெய் அன்றிலிருந்து ஃபிரிட்ஜில். முள் வைத்த பழைய கேனர் யாராவது கொடுத்தால் அந்த மூடியை மட்டும் ஆபீஸுக்கு எடுத்துப் போங்கள், முள் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துத் தரும் கருவி பல ஆபீஸ்களில் உண்டு.

மூன்றாவது 4-ஹெச், பிள்ளைகளுக்கு. தலை, இதயம், கை, உடல்நலம், நாலுக்கும் ஆங்கிலத்தில் ஒரே முதலெழுத்து, நாலு இலைக் கிளாவர் சின்னம். ஜார்ஜியாவில் இதற்குத் தனிப் பெருமை. 1904ல் நியூட்டன் கவுண்டியில் பள்ளிக் கண்காணிப்பாளர் ஒருவர் பையன்களுக்கு மக்காச்சோளப் போட்டி வைத்ததிலிருந்து இங்கே கணக்கு ஆரம்பிக்கிறது. அப்போதைய யோசனை சாமர்த்தியமானது: அப்பாக்கள் புது விதையைத் தொடமாட்டார்கள், பிள்ளை ஒரு துண்டு நிலத்தில் போட்டு அப்பாவை விட அதிகம் அறுத்துக் காட்டினால் அப்பா தானாக வருவார்.

ஐந்தாம் வகுப்புப் பெண் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். பல ஊர்களில் 4-ஹெச் ஏஜென்ட் பள்ளிக்கே வந்து ஐந்தாம் வகுப்பில் கூட்டம் நடத்துவார், நீங்கள் எங்கேயும் வண்டி ஓட்ட வேண்டியதில்லை. அதில் 'பிராஜெக்ட் அச்சீவ்மென்ட்' என்று ஒன்று, பிள்ளை தனக்குப் பிடித்த ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அட்டைகளில் எழுதி, நடுவர்கள் முன்னால் நின்று பேசிச் செய்து காட்ட வேண்டும். நாய் வளர்ப்பிலிருந்து ரொட்டி வரை எதுவும் இருக்கலாம். என் மகள் இட்லி மாவு ஏன் பொங்குகிறது என்று பேசினாள். மாவு கிண்ணத்தை விட்டு வழிந்து மேசைத் துணி மேல் போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இவள் நிறுத்தாமல் பேசினாள். வீட்டில் விருந்தாளி வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளை. கோடையில் ஈட்டன்டன் பக்கம் ராக் ஈகிளில் முகாம், அங்கே வெள்ளைக் குவார்ட்ஸ் கற்களைக் குவித்துச் செய்த பழங்குடியினரின் பெரிய பறவை வடிவம் ஒன்று இருக்கிறது, பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவார்கள்.

கால்நடைப் பிரிவைப் பற்றி மட்டும் முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுங்கள். பிள்ளை ஆட்டுக்குட்டியைக் கேட்கும். வாங்கிக் கொடுத்தால் காலையிலும் மாலையிலும் தீனி, எடை, கயிறு பிடித்து நடக்கப் பழக்குவது எல்லாம் அதுவே செய்யும், பெர்ரி நகரத்துக் கண்காட்சிக்குக் கூட்டிப் போகும். பெயரும் வைத்துவிடும். ஆனால் சந்தை ஆடு என்ற பிரிவு கறிக்கான ஆடுதான், கடைசியில் அது எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும், எட்டு மாதம் தடவி வளர்த்த பிள்ளைக்கும் தெரிய வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அன்றைக்கு அழுதுவிட்டு அடுத்த வருடம் மறுபடி குட்டி எடுப்பார்கள். நம் வீட்டில், அதுவும் சைவ வீட்டில், இது வேறு மாதிரி போகலாம். சமையல், பேச்சு, ரோபோ, கோழியைப் பார்த்து மதிப்பிடுவது என்று வேறு எவ்வளவோ இருக்கிறது.

முக்கால் ஏக்கரில் நீங்களே ஆடு வளர்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வழி. ஜார்ஜியாவில் நிலக்கொடைப் பல்கலைக்கழகம், அதாவது விவசாயக் கல்விக்காக மத்திய அரசின் உதவி பெறும் பல்கலைக்கழகம், இன்னொன்றும் இருக்கிறது, ஃபோர்ட் வேலியில். வெள்ளையர் கல்லூரிகளில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்காத காலத்தில், 1890ல் வந்த இரண்டாம் மோரில் சட்டத்தின் வழிவந்த கல்லூரிகளில் ஒன்று. ஆட்டு ஆராய்ச்சிக்குப் பேர் போன இடம். அவர்கள் நடத்தும் ஃபமாச்சா பயிற்சி என்று கேள்விப்பட்டால் போய் வாருங்கள். இந்த ஈர வெப்பத்தில் ஆட்டைக் கொல்வது வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு. எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றி ஊற்றி மருந்தே வேலை செய்யாமல் போய்விட்டது. அதனால் ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்து, உள்பக்கச் சதையின் நிறத்தை ஐந்து நிற அட்டையோடு ஒத்துப் பார்த்து, வெளுத்திருப்பதற்கு மட்டும் மருந்து. நம் ஊர் டாக்டர் ரத்தசோகை பார்க்கும் அதே முறை, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. அரை நாளில் கற்றுக்கொள்ளலாம்.

மற்ற நோட்டீஸ்கள் வேகமாக. பூச்சிமருந்து லைசென்ஸ் வகுப்பு விவசாயம் செய்பவர்களுக்கு, வீட்டுத் தோட்டத்துக்குத் தேவையில்லை. செர்வ்சேஃப் என்கிற உணவுப் பாதுகாப்பு வகுப்பு ஓட்டல், கேன்டீன் வைப்பவர்களுக்கு, கட்டணமும் அதிகம், விற்கும் எண்ணம் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். சத்துணவுச் சமையல் வகுப்பு ஒன்று சுவரில் பழைய நோட்டீஸாகத் தொங்கினால் முதலில் இருக்கிறதா என்று கேளுங்கள், ஸ்நாப்-எட் என்கிற திட்டத்துக்கு 2025 செப்டம்பரோடு மத்திய நிதி நின்றுவிட்டது, அதை நம்பியிருந்த வகுப்புகள் பல ஊர்களில் காணாமல் போய்விட்டன. 1969லிருந்து நடக்கும் இன்னொரு திட்டம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கானது, தனி.

வகுப்பே இல்லாத ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன், மண் பரிசோதனை. சேர வேண்டிய வகுப்பு எதுவானாலும் அதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள், பத்து டாலருக்கு முன்னே பின்னே ஆகும், கவுண்டிக்குக் கவுண்டி மாறும். மாதிரியை ஜார்ஜியாவிலேயே இருக்கும் ஏதென்ஸ் நகரத்து ஆய்வகத்துக்கு ஆபீஸே அனுப்பும். என் கொல்லை பிஹெச் 5.2 என்று வந்தது, காய்கறிக்கு ஆறுக்கு மேல் வேண்டும், அதாவது இரண்டு வருடமாக நான் போட்ட உரத்தில் பெரும்பகுதி வேருக்கு எட்டவே இல்லை. சுண்ணாம்பு போட வேண்டும், அது வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும், அதனால் வசந்தத்தில் நடப்போகிறவர்கள் இலையுதிர் காலத்திலேயே மண்ணை அனுப்ப வேண்டும். அதே 5.2 ப்ளூபெர்ரிக்கு அமிர்தம், சுண்ணாம்பே வேண்டாம். இது தெரியாமல் எதை நட்டாலும் சூதாட்டம்.

அவளுக்கு நான் சொன்னது இதுதான். இந்த வாரம் மண். பெண்ணுக்கு 4-ஹெச் பாரம், பள்ளியிலேயே கேள். ஜூனில் ஜாடி வகுப்பு, அன்றைக்கு ஒரு நாள் டாக்டர் பையனைப் பார்த்துக்கொள்ளட்டும். மாஸ்டர் கார்டனர், பையன் பிரீ-கே (பாலர் வகுப்பு) போனதும், அப்போதும் ஆசை இருந்தால்.

நேற்று மறுபடி கூப்பிட்டாள். பத்து இடத்தில் ஆறு அங்குலம் தோண்டி, கலந்து, செய்தித்தாளில் பரப்பிக் காயவைத்திருக்கிறாள், அதற்குள் பையன் அதன் மேல் லாரி ஓட்டிவிட்டானாம், மறுபடி முதலிலிருந்து தோண்ட வேண்டுமா என்று கேட்டாள். தோண்டியதை எதில் போட்டுக் கலந்தாய் என்று கேட்டேன். துத்தநாகம் பூசிய இரும்பு வாளி என்றால் ஆய்வக முடிவில் துத்தநாகம் தப்பாகக் காட்டும். பிளாஸ்டிக் வாளிதானாம். லாரி? அதுவும் பிளாஸ்டிக். அப்படியே அள்ளிப் பையில் போடு, மதியம் ஒரு மணிக்கு மேல் போ, பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை அந்த அம்மா சாப்பிடப் போயிருப்பார் என்றேன்.